1794ல் 12 வயதில் கப்பலேறியவன் 24 வயதில் கேப்டன்: இந்தக் காலக்கணக்கு தேறுமா?

அலைவாய்:

நெப்போலியன் காலத்து பிரிட்டிஷ் கடற்படையை வைத்து ஒரு நெடுங்கதை எழுதுகிறேன். நாயகன் பிரிஸ்டல் வணிகர் ஒருவரின் இளைய மகன், 1782ல் பிறந்தவன். நான் போட்டிருக்கும் கணக்கு இது: 1794ல் கடற்படைத் தலைமையகமான அட்மிரால்டி அவனை மிட்ஷிப்மேனாக (பயிற்சி நிலை அதிகாரி) நியமிக்கிறது. ஆறு வருடம் கழித்து, 1800ல் தேர்வு எழுதி லெப்டினன்ட் ஆகிறான். 1803ல் இந்தியக் கடல் பகுதியைக் காத்த கிழக்கிந்தியப் படைப்பிரிவுக்கு வருகிறான். 1806ல் ஒரு ஃபிரிகேட்டுக்கு (வேகமான நடுத்தரப் போர்க்கப்பல்) கேப்டன். 1815ல் போர் முடியும்போது 33 வயதில் ரியர் அட்மிரல்.

வீரதீரக் கதைதான், ஆனாலும் விஷயம் தெரிந்தவர்கள் படித்துச் சிரிக்கக் கூடாது. எங்கே இடிக்கிறது? தேர்வில் என்ன கேட்பார்கள், பணம் எவ்வளவு கையில் வரும் என்பதும் தெரிந்தால் நல்லது.

---

கலங்கரை:

முதல் வரியிலேயே இடிக்கிறது. மிட்ஷிப்மேனை அட்மிரால்டி நியமிப்பதில்லை. அது கமிஷன், அதாவது அட்மிரால்டியின் ஆணை, பெற்ற பதவியே அல்ல. கப்பலின் கேப்டன் தன் கப்பலுக்குள் கொடுக்கும் தகுதி. அவரே பறிக்கவும் செய்வார். காலையில் மிட்ஷிப்மேனாக இருந்தவனை மாலையில் சாதாரண மாலுமிகளோடு படுக்க அனுப்பினால் கேட்க ஆளில்லை. ஆகவே அப்பா அணுக வேண்டியது லண்டன் அலுவலகத்தை அல்ல, தெரிந்த கேப்டன் ஒருவரை. போர்ட்ஸ்மவுத்தில் 1733லிருந்து ஒரு கடற்படைப் பள்ளி இருந்தது உண்மை. ஆனால் அதில் 40 இடம்தான், கேப்டன்களுக்கு அங்கிருந்து வரும் பையன்கள் மேல் அவ்வளவு பிரியமும் கிடையாது. ஒரு பையனைச் சேர்த்துக்கொள்வது அவன் குடும்பத்துக்குச் செய்யும் உதவி, நாளைக்குத் திருப்பிக் கேட்கலாம். பள்ளியிலிருந்து வருகிறவனால் அந்த லாபம் கிடையாது.

அடுத்து வயது. 1794க்கு முன் பையன்கள் 'கேப்டனின் வேலைக்காரன்' என்ற பெயரில் பதிவேட்டில் ஏறுவார்கள். கப்பலில் நூறு பேருக்கு நான்கு பேர் வீதம் கேப்டன் வைத்துக்கொள்ளலாம். 1794ல் அதை ஒழித்து 'முதல் வகுப்புத் தொண்டர்' என்று மாற்றினார்கள். சம்பளம் ஆண்டுக்கு 6 பவுண்டு. குறைந்தபட்ச வயது 13, கடற்படை அதிகாரியின் மகனாக இருந்தால் மட்டும் 11. வணிகர் மகனுக்கு 12 வயது போதாது. இதற்காகக் கதையை மாற்ற வேண்டாம், பதிவேட்டில் 13 என்று எழுதச் சொல்லுங்கள். எல்லாரும் அதைத்தான் செய்தார்கள்.

தேர்வுக்கு மூன்று நிபந்தனை. கடற்படைக் கப்பல்களில் மொத்தம் ஆறு வருடக் கடற்சேவை, அதில் குறைந்தது இரண்டு வருடம் மிட்ஷிப்மேனாகவோ மாஸ்டரின் (கப்பலின் வழி கணிக்கும் அதிகாரி) உதவியாளரான மேட்டாகவோ இருந்திருக்க வேண்டும், வயது 20. சேவைக் கணக்கைக் கப்பல் பதிவேடுகளிலிருந்து எடுப்பார்கள். கூடவே பழைய கேப்டன்களின் நடத்தைச் சான்றும், தன் கைப்பட எழுதிய நாட்குறிப்பும் வேண்டும். நாட்குறிப்பை ஒழுங்காக எழுதாதவனும், கப்பல் மாறும்போது சான்று வாங்க மறந்தவனும் இங்கேதான் மாட்டுவார்கள். பழைய கேப்டன் இறந்துபோயிருந்தால் அலைச்சல் இன்னும் கூடும்.

இந்த மூன்றிலும் பித்தலாட்டம் தாராளம். பின்னாளில் பேர் பெற்ற கடற்படைத் தலைவர் தாமஸ் காக்ரேன் 1775ல் பிறந்தவர். ஐந்து வயதிலிருந்தே கேப்டனாக இருந்த சித்தப்பாவின் கப்பல் பதிவேடுகளில் அவர் பெயர் இருந்தது. நிஜமாகக் கப்பலேறியது 1793ல். கள்ளப் பதிவுக்குக் கேப்டனின் வேலையே போகும் என்று சட்டம் சொன்னது, யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. நெல்சன் 1777 ஏப்ரலில் தேறியபோது 18 வயதுதான்; சான்றிதழில் 20க்கு மேல் என்று இருக்கிறது. அப்போது கடற்படை வாரியத்தின் தலைமைக் கட்டுப்பாட்டாளர் அவருடைய தாய்மாமன் மாரிஸ் சக்ளிங். தேறிய மறுநாளே லெப்டினன்ட் கமிஷனும் வந்தது.

அந்த 'மறுநாள்'தான் உங்கள் கதையின் பெரிய ஓட்டை. தேர்வில் தேறுவது ஒன்று, கமிஷன் கிடைப்பது வேறு. கமிஷன் என்பது குறிப்பிட்ட கப்பலில் குறிப்பிட்ட இடத்துக்கான ஆணை. இடமும் வேண்டும், சொல்ல ஆளும் வேண்டும். தேறியும் பல வருடம் மாஸ்டரின் மேட்டாகவே கிடந்தவர்கள் ஏராளம். முப்பது வயது மிட்ஷிப்மேன் அந்தக் காலத்தில் அபூர்வமே இல்லை.

உங்கள் பையனுக்கு நிஜமான 20 வயது 1802ல் வருகிறது. அந்த மார்ச்சில் பிரான்சோடு ஆமியன் சமாதானம் கையெழுத்தாகி, கப்பல்களை வரிசையாகக் கலைத்துக்கொண்டிருந்தார்கள். இதைவிட மோசமான வருடம் கிடைக்காது. பொய் வயதோடு 1800லேயே தேற வையுங்கள். அல்லது 1802ல் தேறி, 1803 மே மாதம் போர் மறுபடி தொடங்கியதும் கமிஷன் வாங்கட்டும். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. வேலையில்லாத ஒரு வருடம் கதைக்கு நல்ல தீனி.

---

சுக்கான்பிடி:

தேர்வு பற்றி நான் சொல்றேன். 'தேர்வு எழுதி'ன்னு போட்டிருக்கீங்க, அது வாய்மொழித் தேர்வு. மூணு கேப்டன்கள் மேசைக்குப் பின்னாடி, பையன் எதிர்ல நிப்பான். லண்டன்னா சாமர்செட் ஹவுஸ்ல இருந்த கடற்படை வாரிய அலுவலகம். வெளிநாட்டுப் பிரிவுன்னா அங்க இருக்கிற மூத்த கேப்டன் மூணு பேர் ஒரு கப்பல் கேபின்ல உட்கார்ந்து கேட்பாங்க.

என்னென்ன தெரிஞ்சிருக்கணும்னு சான்றிதழிலேயே வரும்: கயிறு பின்னி இணைக்கிறது, முடிச்சு, பாய் சுருக்கிறது, கப்பலைப் பாயில் ஓட்டுறது, ஓதநேரம் கணக்கிடுறது, சமதளக் கணக்கிலும் மெர்கேட்டர் முறையிலும் கப்பல் போன வழியைக் குறிக்கிறது, சூரியனையோ விண்மீனையோ அளந்து இடம் பார்க்கிறது, திசைகாட்டியின் விலகல் கண்டுபிடிக்கிறது.

கணக்குப் பகுதி மனப்பாடத்தில் ஓடும். ஓதநேரம் எடுத்துக்கோங்க. ஒவ்வொரு துறைமுகத்துக்கும் அமாவாசை, பௌர்ணமி அன்னிக்கு உச்ச ஓதம் எத்தனை மணிக்குன்னு அட்டவணை உண்டு. நாளுக்கு ஏறக்குறைய 48 நிமிஷம் தள்ளிப் போகும். அட்டவணை 3 மணின்னு சொல்லுது, பிறை ஐஞ்சு நாள்னா 5 × 48 = 240 நிமிஷம், அதாவது 4 மணி நேரம் கூட்டி 7 மணி. கேப்டன் கேட்டா மூச்சு விடுறதுக்குள்ள பதில் வரணும்.

வேகம் அளக்கிற கயிறு இன்னொண்ணு. 28 விநாடி மணல் கடிகாரத்துக்கு முடிச்சுக்கு முடிச்சு 47 அடி 3 அங்குலம் இருக்கணும். கயிறு நனைஞ்சு காய்ஞ்சு சுருங்கினா முடிச்சுகள் நெருங்கி, கப்பல் நிஜத்தைவிட வேகமாப் போறதாக் காட்டும். மணலில் ஈரம் ஏறிக் கடிகாரம் மெதுவாக் கொட்டினாலும் அதே தப்புதான். ரெண்டும் சேர்ந்தா ஒரு நாள்ல இருபது முப்பது மைல் பிழை சாதாரணம். அதனாலதான் கயிறை அடிக்கடி அளந்து பார்க்கச் சொல்லுவாங்க. நல்ல தேர்வாளர் கேட்கிறது இதைத்தான்: கணக்கு சரி, கருவி சரியான்னு எப்படித் தெரியும்?

ஆனா ஆளைக் கவுக்கிறது கப்பல் ஓட்டுற கேள்விகள். ஒரு சூழ்நிலையைச் சொல்லுவாங்க, பையன் கட்டளை சொல்லணும், உடனே காற்றை மாத்துவாங்க. உங்க அத்தியாயத்துக்கு எதிர்காற்றில் பக்கம் மாற்றுறதை வச்சுக்கோங்க. வரிசை இது.

முதல்ல கொஞ்சம் காற்றை விட்டு விலகி வேகம் சேர்க்கணும். அப்புறம் சுக்கான் கைப்பிடியைக் காற்றடிக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமா மெதுவாத் தள்ளணும். முன்னாடி இருக்கிற முக்கோணப் பாய்களோட கயிறை விட்டுடணும்; பின்பாய்மரத்து நீளவாட்டுப் பாயை நடுவுக்கு இழுக்கணும். முன்னாடி பிடிப்பு போச்சு, பின்னாடி அழுத்தம் கூடிச்சு, கப்பல் மூக்கு காற்றை நோக்கித் திரும்பும். பெரிய கீழ்ப்பாய்களோட மூலைகளைத் தூக்கிக் கட்டிடணும். மூக்கு காற்றுக்கு நேரா வர ஏறக்குறைய ஒரு பாயின்ட், அதாவது 11¼ டிகிரி, இருக்கும்போது நடுப்பாய்மரத்துப் பருமலையும் (பாயைத் தாங்குற குறுக்குக் கட்டை) பின்பாய்மரத்துப் பருமலையும் ஒரே வீச்சில் மறுபக்கம் திருப்பணும். அந்த நொடியில் முன்பாய்கள் காற்றை மறைக்கிறதால பின்னாடி இருக்கிற பருமல்கள் லேசாச் சுழலும். முன்பாய்களை மட்டும் அப்படியே விட்டு வைக்கணும். அதோட முகத்தில் காற்று அடிச்சு மூக்கை மறுபக்கம் தள்ளிவிடும். பின்பாய்கள் காற்று வாங்கி நிரம்பினதும் கடைசியா முன்பருமலைத் திருப்பணும்.

எங்க தப்பு வரும்? சீக்கிரமே நடுப்பருமலைத் திருப்பினா காற்று அதை எதிர்ப்பக்கமா அடிச்சு, திரும்பறது நின்னு கப்பல் பின்னோக்கி நகர ஆரம்பிக்கும். தாமதமாத் திருப்பினா மறைவு போயிடும், முழுக் காற்றை எதிர்த்து நூத்துக்கணக்கான ஆள் இழுத்தாலும் பருமல் அசையாது. சுக்கானை ஒரேயடியாத் திருப்பினா அதுவே தடுப்புப் பலகை மாதிரி வேகத்தைத் தின்னுடும். எதிர் அலை பெருசா இருந்தா எல்லாம் சரியாச் செஞ்சாலும் மூக்கு தாண்டாது. அப்ப மறுவழி: காற்றுக்கு முதுகு காட்டிச் சுத்தி வர்றது. முதல் முறையில் 12 பாயின்ட் திரும்பினா போதும், இதுல 20 பாயின்ட். அந்தச் சுத்தில் காற்று போற திசையில் ரொம்ப தூரம் இழக்கணும்.

இப்ப தேர்வாளர் சிரிச்சுக்கிட்டே சொல்லுவார்: 'காற்று போற திசையில் அரை மைலில் பாறை.' சுத்தி வர இடமில்லை. பதில்: பாறைப் பக்கத்து நங்கூரத்தைத் தயார் பண்ணி, அதோட வளையத்திலிருந்து ஒரு தடிக்கயிறைக் கப்பலுக்கு வெளிவழியா அதே பக்கத்துப் பின்முனைக்குக் கொண்டு வந்து கட்டணும். மூக்கை காற்றுக்குள்ள திருப்பி, வேகம் சாகிற நேரத்தில் நங்கூரத்தை விடணும். அது பிடிச்சு மூக்கை இழுத்துத் தாண்ட வைக்கும். உடனே நங்கூர வடத்தை வெட்டிடணும். பின்முனைக் கயிறு கப்பலைச் சரியான பக்கம் திருப்பினதும் அதையும் வெட்டணும். நங்கூரம் போச்சு, கப்பல் தப்பிச்சது. வடத்தை எப்ப வெட்டணும்னு தடுமாறினவன் ஆறு மாசம் கழிச்சு மறுபடி வரணும்.

---

அலைவாய்:

தலை சுற்றுகிறது, ஆனால் ஓர் அத்தியாயம் தயார். சமாதான வருடத்தையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். 1803 கடைசியில் லெப்டினன்ட்டாகக் கிழக்கிந்தியப் பிரிவுக்கு வருகிறான் என்று வைத்தால், மூன்று வருடத்தில் கேப்டன் ஆவது நடக்கிற காரியமா?

---

கோட்டைக்கரை:

இங்கிலாந்தில் இருப்பதைவிட இங்கே நடக்க வாய்ப்பு அதிகம். காரணம் தூரம். கடிதம் போக ஐந்தாறு மாதம், பதில் வர அதே அளவு. ஆகவே சாவினாலோ இராணுவ நீதிமன்றத்தாலோ காலியாகும் இடங்களைத் தலைமைத் தளபதியே நிரப்பலாம், அட்மிரால்டி பின்னால் உறுதி செய்யும். காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வெடிகுண்டைவிட அதிகம் கொன்ற பிரிவு இது. 'இரத்தக் களறியான போருக்கும் நோய் மிகுந்த பருவத்துக்கும்' என்று அதிகாரிகள் கோப்பை உயர்த்துவது வழக்கம். மேலே இருப்பவன் செத்தால்தான் கீழே இருப்பவனுக்கு இடம்.

ஆனால் அந்த இடங்கள் முதலில் யாருக்குப் போகும்? தளபதியின் கப்பலில் இருக்கும் அவருடைய ஆட்களுக்கு. 1805 தொடக்கத்தில் பீட்டர் ரெய்னியரிடமிருந்து பொறுப்பேற்ற எட்வர்ட் பெல்லியூவின் மகன் ஃப்ளீட்வுட் 1789 டிசம்பரில் பிறந்தவர். 1805ல் லெப்டினன்ட், 1808ல் 18 வயதில் உறுதி செய்யப்பட்ட கேப்டன். சட்டப்படி லெப்டினன்ட் தேர்வுக்கே வயது வராதவர்! உங்கள் நாயகன் வேறு கப்பலில் எவ்வளவு சாகசம் செய்தாலும் தளபதி இருக்கும் கொடிக்கப்பலுக்கு மாற்றல் வாங்காமல் மேலே போக முடியாது. அந்த மாற்றலை எப்படி வாங்கினான் என்பதுதான் கதையின் முடிச்சாக இருக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: தற்காலிக ஆணையில் லெப்டினன்ட்டாகவோ கமாண்டராகவோ வேலை பார்த்து, ஒரு வருடம் கழித்து 'உறுதி செய்யவில்லை' என்று லண்டனிலிருந்து தாள் வந்தால் பழைய பதவிக்கே இறங்க வேண்டும்.

சம்பவம் வேண்டுமென்றால் 1804 செப்டம்பர் 15, விசாகப்பட்டினம். பிரெஞ்சு அட்மிரல் லினுவாவின் 'மாரெங்கோ'வும் இரண்டு ஃபிரிகேட்டுகளும் வந்தபோது 'செஞ்சூரியன்' கப்பலின் பொறுப்புக் கேப்டன் ஜேம்ஸ் லிண்ட் கரையில் இருந்தார். சண்டையைத் தொடங்கி நடத்தியவர் லெப்டினன்ட் ஜேம்ஸ் பிலிப்ஸ். ஒரு லெப்டினன்ட் தன்னந்தனியாகக் கப்பலை நடத்தும் சூழல் இப்படித்தான் வாய்க்கும்.

மதராஸ் காட்சிகளில் கப்பலைக் கரையில் கட்டிவிடாதீர்கள். அன்று அங்கே துறைமுகம் கிடையாது. கரையிலிருந்து ஒன்றரை, இரண்டு மைல் தள்ளி எட்டு ஒன்பது பாக (ஒரு பாகம் ஆறு அடி) ஆழத்தில் நங்கூரம். கப்பலின் சொந்தப் படகை அலைமோதலுக்குள் விட்டால் உடைந்துவிடும். மசூலா படகுதான் வரும்: இரும்பாணி இல்லாமல் தென்னங்கயிற்றால் தைத்த பலகைகள். தரையில் மோதினால் பலகைகள் வளைந்து கொடுக்கும், பிளக்காது. கடிதம் மட்டும் என்றால் கட்டுமரக்காரர் தலைப்பாகைக்குள் வைத்துக் கொண்டுவருவார். நெல்சனே பதினைந்து வயதில், 1774ல், 'சீஹார்ஸ்' கப்பலில் இந்த நங்கூரத்துறைக்கு வந்தவர்தான்.

அக்டோபர் நடுவுக்குப் பிறகு சோழமண்டலக் கரையில் கப்பலை நிறுத்தவே கூடாது. வடகிழக்குப் பருவக்காற்றில் கரை முழுவதும் காற்று தள்ளும் பக்கமாகிவிடும், ஒதுங்க இடமில்லை. 1761 ஜனவரி 1ல் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த பிரிட்டிஷ் கப்பல்களில் பல ஒரே இரவுப் புயலில் போயின. ஆகவே அந்த மாதங்களில் உங்கள் ஆள் பம்பாயிலோ திருகோணமலையிலோ இருக்க வேண்டும். 1795ல் டச்சுக்காரரிடமிருந்து பிடித்த திருகோணமலை எல்லாப் பருவத்துக்கும் ஏற்ற இயற்கைத் துறைமுகம். ஆனால் உலர்துறை பம்பாயில்தான். அடிப்பாகத்தை முறையாகப் பழுது பார்க்க அங்கே போயாக வேண்டும். போகாமல் சமாளித்தால் என்ன ஆகும் என்பதற்கு 'பிளென்ஹைம்' இருக்கிறது. 1761ல் கட்டிய கிழட்டுக் கப்பல். தரைதட்டி முதுகு வளைந்துபோயிருந்தது. எச்சரிக்கையை மீறி அட்மிரல் டிரவுபிரிட்ஜ் 1807 ஜனவரியில் அதிலேயே மதராஸிலிருந்து நன்னம்பிக்கை முனைக்குக் கிளம்பினார். மடகாஸ்கர் பக்கம் புயலில் ஆட்களோடு காணாமல் போனது.

---

கணக்கப்பிள்ளை:

பணக் கணக்கு என் பங்கு.

சம்பள மாதம் 28 நாள். 1807 உயர்வுக்குப் பின் லெப்டினன்ட்டுக்கு மாதம் 8 பவுண்டு 8 ஷில்லிங், நாளுக்கு 6 ஷில்லிங் ஆகிறது. தேர்ந்த மாலுமிக்கு 1 பவுண்டு 13 ஷில்லிங் 6 பென்ஸ். மிட்ஷிப்மேனாக இருந்த காலத்தில் வீட்டிலிருந்து ஆண்டுக்கு 30 முதல் 50 பவுண்டு வராமல் காலம் தள்ள முடியாது: சீருடை, செக்ஸ்டன்ட் (விண்மீன் உயரம் அளக்கும் கருவி), மெஸ் எனும் கூட்டுச் சாப்பாட்டுப் பங்கு. பிரிஸ்டல் அப்பா இதைப் புலம்பிக்கொண்டே அனுப்பட்டும். இன்னொன்று, கேப்டன் ஆனபின் சம்பளம் தானாக வராது. கப்பல் கலையும்போது பதிவேடு, உடைக் கணக்கு, தளவாடக் கணக்கு எல்லாம் ஒப்படைத்துத் தேறிய பின்தான் பணம் விடுவிப்பார்கள். ஒரு புத்தகம் கடலில் நனைந்து போயிருந்தால் வருடக்கணக்கில் கடிதப் போர்.

பணக்காரன் ஆவது பரிசுப்பணத்தில். பிடிபட்ட கப்பலை நீதிமன்றம் உரிய பறிமுதல் என்று தீர்ப்பளித்து விற்றபின் தொகையை எட்டுப் பங்காக்குவார்கள். 1808 வரை கேப்டனுக்கு 3 பங்கு. அட்மிரலின் ஆணையின் கீழ் இருந்தால் அதில் 1 பங்கு அட்மிரலுக்கு. லெப்டினன்ட்கள், மாஸ்டர், மரைன் (கப்பலில் வரும் படைவீரர்) கேப்டன் சேர்ந்து 1. வாரன்ட் அதிகாரிகளும் மாஸ்டரின் மேட்டுகளும் 1. மிட்ஷிப்மேன்களும் சிற்றதிகாரிகளும் 1. மற்ற எல்லாருக்கும் சேர்த்து 2.

செலவு போக 10,000 பவுண்டு என்று வையுங்கள். ஃபிரிகேட்டில் மூன்று லெப்டினன்ட், ஒரு மாஸ்டர். மரைன்களுக்கு லெப்டினன்ட்தான் தலைவர், அவர் அடுத்த வகுப்பில் போய்விடுவார். கேப்டனுக்கு 2,500, கரையில் உட்கார்ந்திருக்கும் அட்மிரலுக்கு 1,250, நம் லெப்டினன்ட்டுக்கு 312 பவுண்டு 10 ஷில்லிங். மூன்று வருடச் சம்பளத்தை நெருங்கும் தொகை. கடைசி வகுப்பில் 200 பேர் இருந்தால் தலைக்கு 12 பவுண்டு 10 ஷில்லிங். 1808ல் மாற்றிய முறைப்படி கேப்டனுக்கு 2 பங்கு, அதிலேயே மூன்றில் ஒன்று அட்மிரலுக்கு. அதே 10,000ல் கேப்டனுக்கு மிஞ்சுவது 1,667. கீழ்த்தட்டுக்கு 4 பங்கு போனது. கேப்டன்கள் கொதித்தார்கள்.

உச்சம் என்ன என்றால், 1799 அக்டோபரில் 'தெட்டிஸ்', 'சாண்டா பிரிகிடா' என்ற இரண்டு ஸ்பானிய வெள்ளிக் கப்பல்களைப் பிடித்தபோது ஒவ்வொரு கேப்டனுக்கும் 40,730 பவுண்டு, லெப்டினன்ட்டுக்கு 5,091, மாலுமிக்கு 182. கிழக்கே ரெய்னியர் சேர்த்த சொத்து சுமார் இரண்டரை லட்சம் பவுண்டு. உயிலில் பத்தில் ஒரு பங்கை நாட்டின் கடனை அடைக்க எழுதி வைத்தார்.

இவை லாட்டரிச் சீட்டுகள். ஓட்டைகளையும் எழுதுங்கள். பிடிக்கும்போது கண்ணுக்கெட்டிய தூரத்தில் இன்னொரு நம் கப்பல் இருந்தால் அதற்கும் பங்கு. முகவர் 5 சதவீதம் எடுப்பார். மேல்முறையீடு போனால் பல வருடம். நடுநிலை நாட்டுக் கப்பலைத் தவறாகப் பிடித்துவிட்டால் நீதிமன்றம் திருப்பிக் கொடுக்கச் சொல்லும், நஷ்டஈடு கேப்டனின் சொந்தப் பையிலிருந்து. சண்டைக் கப்பலை வென்றால் புகழ் பெரிது, பணம் சிறிது: அது அடிபட்டு நொறுங்கியிருக்கும், அரசாங்கம் கொடுக்கும் விலையும் அதற்கேற்பக் குறையும். எதிரிக் கப்பலில் இருந்த ஆளுக்கு 5 பவுண்டு வீதம் தலைப்பணம் உண்டு.

---

கலங்கரை:

மிச்சம் இருப்பது 1806ம் 1815ம்.

லெப்டினன்ட்டிலிருந்து அடுத்த படி கமாண்டர். ஒரு ஸ்லூப்புக்கு (ஃபிரிகேட்டைவிடச் சிறிய போர்க்கப்பல்) தலைவன். அதற்கு மேல் 20 பீரங்கிக்குக் குறையாத கப்பலுக்கு நியமனம் கிடைத்த தேதியில்தான் போஸ்ட் கேப்டன், அதாவது முழுக் கேப்டன். இரண்டும் தனித்தனிச் சுவர். கமாண்டராகவே நின்றுபோனவர்கள் நிறைய. கப்பல்கள் குறைவு, கேட்பவர்கள் கூட்டம். ஆனால் ஸ்லூப்பின் தலைவனையும் எல்லாரும் மரியாதைக்குக் கேப்டன் என்றே அழைப்பார்கள். அதனால் 24 வயதில் உங்கள் ஆளை 18 பீரங்கி ஸ்லூப் ஒன்றில் 'கேப்டன்' ஆக்குங்கள். ஃபிரிகேட்டை 1809 வாக்கில் கொடுங்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள்.

கமாண்டர் படியைத் தாண்டிக் குதித்தவர்களும் உண்டு. 1805 டிராஃபல்கர் போரில் நெல்சனின் கொடிக்கப்பல் 'விக்டரி'யின் லெப்டினன்ட்களில் மூத்தவர் ஜான் பாஸ்கோ. அவரை நெல்சன் கொடிச் செய்திகளுக்கு வைத்துக்கொண்டதால் முதல் லெப்டினன்ட் வேலை ஜான் குவிலியமிடம் இருந்தது. வெற்றிக்குப் பின் குவிலியம் நேராகப் போஸ்ட் கேப்டன். பாஸ்கோவுக்குக் கமாண்டர் மட்டும், போஸ்ட் ஆக 1811 வரை காத்திருந்தார். முதல் லெப்டினன்ட் நாற்காலிக்குத்தான் பலன்.

33 வயதில் ரியர் அட்மிரலை மறந்துவிடுங்கள். போஸ்ட் வரைதான் சிபாரிசும் திறமையும் வேலை செய்யும். அதற்குப் பிறகு பட்டியல் வரிசை. முன்னால் இருப்பவர்கள் சாக வேண்டும், யாரும் யாரையும் தாண்ட முடியாது. நெல்சன் 1779ல் 20 வயதில் போஸ்ட் ஆகி, 1797ல்தான் ரியர் அட்மிரல் ஆனார். அவருக்கே 18 வருடம். 1819ல் போஸ்ட் ஆன புரோவோ வாலிஸுக்கு அந்தப் பதவி 1851ல்தான். முறை வந்தபோது வேண்டாதவரை எந்தப் படைப்பிரிவும் இல்லாத ரியர் அட்மிரலாக்கி ஓரங்கட்டுவார்கள்; மஞ்சள் அட்மிரல் என்பது அவர்களுக்கு வைத்த கேலிப்பெயர்.

வாலிஸ் கதை விநோதம். 1813ல் 'ஷானன்' கப்பல் அமெரிக்கக் கப்பல் 'செசபீக்'கைப் பிடித்தபோது கேப்டன் புரோக்குக்குப் பலத்த காயம், முதல் லெப்டினன்ட் இறந்துவிட்டார். இரண்டாம் லெப்டினன்ட் வாலிஸ் ஆறு நாள் பொறுப்பேற்று ஹாலிஃபாக்ஸுக்குக் கொண்டுவந்தார். 1870ல் ஓய்வுத் திட்டம் கொண்டுவந்தபோது, பிரெஞ்சுப் போர் முடிவதற்குள் கப்பலுக்குத் தலைமை தாங்கியவர்களுக்கு விலக்கு கொடுத்தார்கள். அந்த ஆறு நாளே போதும் என்றாகி, 1892ல் நூறு வயதில் இறக்கும்வரை பணிப் பட்டியலிலேயே இருந்தார்.

உங்கள் ஆள் 1815ல் போய்ச் சேருவது அரைச்சம்பளத்துக்கு. போர் உச்சத்தில் 1 லட்சத்து 45 ஆயிரம் பேருக்கு நிதி ஒதுக்கிய நாடாளுமன்றம் 1817ல் 19 ஆயிரத்துக்கு இறங்கியது. கேப்டன்கள் 800க்கும் மேல், லெப்டினன்ட்கள் 3 ஆயிரத்துக்கும் மேல், அவர்களை ஏற்றக் கப்பல் இல்லை. லெப்டினன்ட்டின் அரைச்சம்பளம் நாளுக்கு 5 முதல் 7 ஷில்லிங். 33 வயதில், கையில் பரிசுப்பணம் இருந்தால் கிராமத்தில் ஒரு வீடு, இல்லாவிட்டால் அட்மிரால்டி காத்திருப்பு அறை.

---

அலைவாய்:

ஸ்லூப், பிறகு 1809ல் ஃபிரிகேட் என்று மாற்றிவிட்டேன். கடைசியாக ஒன்று: அட்டைப்பட ஓவியர் தோள்பட்டைக் குஞ்சம் எப்படி என்று கேட்கிறார். எல்லாப் பதவிக்கும் இரண்டு தோளிலும் போடலாமா?

---

சுக்கான்பிடி:

கூடாது. 1795 விதிப்படி லெப்டினன்ட்டுக்குக் குஞ்சமே கிடையாது. 1806ல் கமாண்டரா இருக்கும்போது இடது தோளில் ஒண்ணு. 1809ல் போஸ்ட் ஆனதும் அதைக் கழட்டி வலது தோளில் ஒண்ணு. மூணு வருஷம் ஆனப்புறம்தான் ரெண்டு தோளிலும். ஆனா 1812ல் விதி மாறிடுச்சு: லெப்டினன்ட்டுக்கு வலது தோளில் ஒண்ணு, கமாண்டருக்கு ரெண்டு வெறுங்குஞ்சம், கேப்டனுக்கு நங்கூரம் பதிச்ச ரெண்டு, மூணு வருஷம் தாண்டின கேப்டனுக்கு நங்கூரத்துக்கு மேல கிரீடம். அட்டைப்படம் எந்த வருஷக் காட்சின்னு ஓவியர்கிட்ட முதல்ல சொல்லிடுங்க.